எல்எம்3886 கிட்டில் வீட்டு ஆம்ப்ளிஃபையர்: போர்டுக்கு வெளியே இருக்கும் வேலை

கேள்வி இதுதான். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீட்டு வரவேற்பறை. கையில் 8 ஓம், 86 டெசிபெல் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இணையத்தில் விற்கும் எல்எம்3886 கிட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையர் கட்ட வேண்டும். சால்டரிங் தெரியும், 230 வோல்ட்டில் கை வைத்ததில்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மர், எவ்வளவு பெரிய ஹீட் சிங்க், எங்கே வாங்குவது, ‘உம்ம்’ என்ற இரைச்சல் வராமல் எப்படி ஒயரிங் செய்வது?

தேர்வு நல்ல தேர்வு. எல்எம்3886 ஒலியைப் பெருக்கும் பழைய சிப். நேஷனல் செமிகண்டக்டர் வடிவமைத்தது, 2011-ல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. அதிகச் சூடு, ஷார்ட், அதிக மின்னோட்டம் ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் சர்க்யூட் உள்ளேயே இருப்பதால் முதல்முறை கட்டுபவருக்கு ஏற்றது. ஆனால் கிட் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் போர்டும் அதன்மேல் உட்காரும் பாகங்களும் மட்டும்தான். டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி, ஹீட் சிங்க், பவர் சாக்கெட், எர்த் ஒயரிங் எல்லாம் உங்கள் தலையில். காசும் அங்கேதான் அதிகம் போகும், தவறும் அங்கேதான் நடக்கும். ஆகவே போர்டைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

முதலில் ஒரு விலகு பாதை. 230 வோல்ட்டைத் திறந்த பெட்டிக்குள் கையாளத் தயக்கம் இருந்தால், டிபிஏ3116 கிளாஸ்-டி போர்டு ஒன்றை வாங்கி, தரமான 24 வோல்ட் அடாப்டரில் ஓட்டுங்கள். பெட்டிக்குள் 24 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வராது. 8 ஓமில் சேனலுக்குச் சுமார் 30 வாட் கிடைக்கும், சின்ன ஹீட் சிங்க் போதும். ஒரே எச்சரிக்கை: அதில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுமே இயங்கும் முனைகள். இடது வலது ஸ்பீக்கர்களின் மைனஸை ஒன்றாகச் சேர்த்தாலோ, கிரவுண்டில் தொட்டாலோ சிப் பாதுகாப்பில் போய் நின்றுவிடும்; மோசமான போர்டென்றால் போயே விடும். தயக்கம் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

எவ்வளவு வாட் வேண்டும்

86 டெசிபெல் ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் தரும். 25 வாட் என்றால் அதற்குமேல் 14 டெசிபெல், அதாவது 100. 50 வாட்டுக்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபெல். அந்த 3 டெசிபெல்லுக்காகப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட் சிங்க், கூடுதல் சூடு. அடுக்குமாடி வீட்டில் 25 வாட்டை முழுதாகப் பயன்படுத்தும் முன்பே மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். விற்பனைப் பக்கத்தில் ‘68 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ±28 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கான எண். அதே வோல்டேஜில் 8 ஓமுக்கு 38 வாட்தான்.

என் பரிந்துரை 18-0-18 வோல்ட் (நடுமுனையிலிருந்து இரு பக்கமும் 18), 160 விஏ டொராய்டல், அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர். கணக்கு இப்படி: 18 வோல்ட் ஏசியை 1.414-ஆல் பெருக்கினால் 25.4, டையோடு பிரிட்ஜில் ஏறக்குறைய 1 வோல்ட் போகும். சுமையில்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிட 8 விழுக்காடு போல அதிகம் தரும், ஆகவே மீட்டரில் ±26 அல்லது 27 காட்டினால் பதற வேண்டாம். சுமை ஏறியதும் ±24-க்கு இறங்கும். சிப் தனக்காக 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 21 வோல்ட் உச்சம். 8 ஓமில் அது 27 வாட்.

22-0-22-ம் 8 ஓமுக்குச் சரிவரும். 25-0-25 வேண்டாம். சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட், அது 6 விழுக்காடு வரை மேலே கீழே போகலாம். மேலே போகும் நேரத்தில் சுமையில்லாத 25-0-25, பக்கத்துக்கு 40 வோல்ட்டைத் தொடும். சிப்பின் வேலை வரம்பு மொத்தம் 84 வோல்ட், ஓரத்தில் நிற்பீர்கள். கிட்டோடு வந்த கப்பாசிட்டர் 35 வோல்ட் ரகமாக இருந்தால் அது வெடிக்கும். 18-0-18-க்கு 35 வோல்ட் கப்பாசிட்டர் தாங்கும், 22-0-22-க்கு 50 வோல்ட் ரகம் போடுங்கள். அளவு பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் போதும். 40,000 என்று அடுக்குவதில் காதுக்கு லாபமில்லை. ஆன் செய்யும் கணத்தில் பாயும் மின்னோட்டம்தான் கூடும்.

பாகங்களை எங்கே வாங்குவது

ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவர்தான் இன்னும் முதல் இடம். எதிர்ப்பக்கம் உள்ள சிம் லிம் ஸ்குவேர் கணினிக்கும் கைப்பேசிக்குமானது, குழம்ப வேண்டாம். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம். தேக்காவில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ரெசிஸ்டர், ஃபியூஸ் ஹோல்டர், ஐஇசி சாக்கெட் (பவர் கேபிள் செருகுவது), ஆர்சிஏ சாக்கெட் (ஒலிக் கேபிள் செருகுவது), ஹீட் ஷ்ரிங்க் குழாய், ஒயர் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். முன்பு பக்கத்திலேயே சுங்கே ரோடு பழம்பொருள் சந்தையில் உடைந்த ஆம்ப்ளிஃபையரை வாங்கிப் பெட்டியையும் ஹீட் சிங்கையும் உருவிக்கொள்ள வழி இருந்தது. 2017 ஜூலையில் அது மூடப்பட்டுவிட்டது. இப்போது பழைய ஆம்ப்ளிஃபையர் வேண்டுமென்றால் கரோசெல் இணையச் சந்தையில் தேட வேண்டும். அது நல்ல யோசனையும்கூட, ஏனென்றால் புது அலுமினியப் பெட்டியின் விலை போர்டின் விலையை எளிதாகத் தாண்டும்.

சிப்பை மட்டும் ஆர்எஸ், எலிமென்ட்14 போன்ற முறையான விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். மிக மலிவான கிட்டுகளில் போலிச் சிப் வருவது வாடிக்கை. மேலெழுத்து சுத்தமாக இருக்கும், உள்ளே வேறு சரக்கு இருக்கும். போலிச் சிப் குறைந்த சத்தத்தில் பாடவும் செய்யும், சத்தத்தைக் கூட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். டிரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எடைக்குக் கப்பல் கூலி ஏறும். 160 விஏ டொராய்டல் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டு இணைய வாங்குதல்களுக்கும் பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் அது 9 விழுக்காடு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிட் வாங்குமுன் சர்க்யூட் படத்தைக் கேளுங்கள். படம் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். படத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, சிப்பின் பவர் கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட்டும் அதனோடு சில பத்து அல்லது 100 மைக்ரோஃபாரட்டும். இவை தள்ளிப் போனால் சிப் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே ஊசலாடத் தொடங்கும், பாட்டே போடாமல் ஹீட் சிங்க் சுடும். இரண்டு, வெளியீட்டில் 2.7 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் தொடராக நிற்கும் ஸோபெல் கிளை. மூன்று, ஃபீட்பேக்கில் 1 கிலோ ஓமுக்குக் கீழே 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். அது இருந்தால் டிசிக்கு கெயின் (பெருக்கும் மடங்கு) 1 ஆகிவிடும், வெளியீட்டில் சில மில்லிவோல்ட்தான் நிற்கும். இல்லாவிட்டால் சிப்பின் உள் பிழையே 21 மடங்காகி ஸ்பீக்கருக்குப் போகும். 22 மைக்ரோஃபாரட் போட்டால் கீழ் எல்லை 7 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே கேட்க ஒன்றுமில்லை. நான்கு, 8-ஆம் காலில் மியூட் ரெசிஸ்டர். இதைப் பின்னால் பார்ப்போம்.

கெயின் 21 (20 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும்) நல்ல அளவு. 10-க்குக் கீழே இறக்காதீர்கள், சிப் நிலையாக இருக்காது. 21 மடங்கில், முழுச் சத்தத்துக்கு முக்கால் வோல்ட் உள்ளீடு போதும்; டிஏசி பெட்டிகள் (டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றுபவை) 2 வோல்ட் தரும். ஆகவே பிரீஆம்ப் தேவையில்லை, ஒரு வால்யூம் பாட் போதும். அது 10 அல்லது 20 கிலோ ஓம் லாக் ரகமாக இருக்கட்டும். நம் பக்கத்துச் சரக்கில் ‘ஏ’ என்று எழுதியிருந்தால் லாக், ‘பி’ என்றால் நேர்கோட்டு ரகம். ‘பி’-யை மாட்டினால் குமிழை லேசாகத் தொட்டதுமே அலறும்.

போர்டில் பாகம் வைப்பது

சால்டரிங் தெரியும் என்பதால் சுருக்கமாக. 63/37 ஈயம், 0.8 மில்லிமீட்டர், முனை 350 டிகிரி. குட்டையானவை முதலில், உயரமானவை பின்னர், சிப் கடைசியில். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிட்டே வையுங்கள். 5 பட்டை 1 கிலோ ஓம் என்பது பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு. அதையே தலைகீழாகப் படித்தால் 110 ஓம்! 110 ஓமை 1 கிலோ ஓம் இடத்தில் வைத்தால் கெயின் 180-க்கு மேல் எகிறும், இரைச்சலோடு பாடும், காரணம் தெரியாமல் ஒரு வாரம் தேடுவீர்கள்.

மைனஸ் பக்கத்து எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரைக் கவனமாக வையுங்கள். அங்கே கப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்கும், மைனஸ் கால் மைனஸ் ரெயிலுக்கும் (மைனஸ் வோல்டேஜ் வரும் தடத்துக்கும்) போகும். ‘கிரவுண்டு என்றால் மைனஸ்’ என்று கை பழக்கத்தில் வைத்துவிடும். ஆன் செய்த சில விநாடியில் தலை உப்பும், பிறகு டப். முதல்முறை பவர் போடும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வெளியீட்டில் 10 ஓம் 2 வாட் ரெசிஸ்டரோடு இணையாகச் சின்னக் காயில் வேண்டுமென்றால் 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை அதன்மேல் 10, 12 சுற்றுச் சுற்றி முனைகளைச் சேர்த்துப் பற்றவையுங்கள். எனாமலைச் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். நீண்ட ஸ்பீக்கர் கேபிள் சிப்பைத் தொந்தரவு செய்யாமல் இது பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் போர்டின் அடிப்பக்கத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் கழுவுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ஃபிளக்ஸ் பிசுக்கு நாள்போக்கில் ஈரம் இழுத்து, உள்ளீட்டுப் பக்கம் கசிவை உண்டாக்கும்.

சிப்பை ஹீட் சிங்கில் திருகி முடுக்கிய பிறகுதான் அதன் கால்களைப் பற்றவைக்க வேண்டும். முதலில் பற்றவைத்துவிட்டுப் பின்னர் முடுக்கினால் 11 கால்களும் இழுபடும், ஏதாவது ஒன்றில் மயிரிழை விரிசல் விழும்.

சூடு

இரண்டு ரகச் சிப் உண்டு. பின்னால் உலோகம் தெரிவது ‘டி’, முழுக்கப் பிளாஸ்டிக் மூடியது ‘டிஎஃப்’. ‘டி’ ரகத்தின் உலோக முதுகு 4-ஆம் காலோடு, அதாவது மைனஸ் ரெயிலோடு இணைந்தது. அதை எர்த் செய்த பெட்டியில் அப்படியே திருகினால் மைனஸ் ரெயில் எர்த்தில் ஷார்ட். மைக்கா தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் போட்டு, மீட்டரில் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தொடர்பே இல்லை என்று உறுதி செய்யுங்கள். ‘டிஎஃப்’ ரகத்துக்கு இந்தக் கவலை இல்லை. பதிலாகச் சூடு வெளியேறுவது சற்று மந்தம், டிகிரிக் கணக்கில் வாட்டுக்கு 1-க்குப் பதில் 2. இரண்டுக்குமே வெப்பப் பசை மெல்லிய படலமாக இருக்க வேண்டும். தோசைக்கு நெய் போல ஊற்றினால் பசையே தடையாகிவிடும்.

மிக மோசமான நிலையில் ஒரு சிப் வெளியேற்றும் சூடு: மொத்த வோல்டேஜின் வர்க்கத்தை, 19.7 பெருக்கல் ஸ்பீக்கர் ஓமால் வகுத்தது. ±25-க்கு, அதாவது மொத்தம் 50 வோல்ட்டுக்கு, 8 ஓமில் 16 வாட், 4 ஓமில் 32 வாட். சும்மா இருக்கும்போதே செலவாகும் இரண்டரை வாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்சூடு 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் காற்று 35 டிகிரி என்று வையுங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த 20, 25 டிகிரிக் கணக்கு இங்கே எடுபடாது. 8 ஓமுக்குச் சிப் ஒன்றுக்கு, வாட்டுக்கு 2 டிகிரி மட்டுமே சூடேறும் ஹீட் சிங்க் தாராளம், இரண்டும் ஒன்றில் உட்கார்ந்தால் 1 டிகிரி ரகம். 4 ஓம் ஸ்பீக்கர் பின்னால் வரக்கூடும் என்றால் சிப்புக்கு 1 டிகிரி ரகமே எடுத்துவிடுங்கள். துடுப்புகள் செங்குத்தாக நிற்க வேண்டும். டிவி அலமாரியின் மூடிய அறைக்குள் ஆம்ப்ளிஃபையரை வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பாட்டு சில நிமிடம் நன்றாகப் பாடி, கரகரத்து, நின்று, மறுபடி தொடங்கினால் அது சூட்டுப் பாதுகாப்பு. 165 டிகிரியில் நிறுத்தி 155-க்கு இறங்கியதும் மீண்டும் தொடங்கும்படி சிப்பே செய்கிறது. பசையையும் திருகையும் பாருங்கள்.

230 வோல்ட் பகுதி

பின்பக்கம் ஐஇசி சாக்கெட், ஃபியூஸ், சுவிட்ச் மூன்றும் சேர்ந்த ஒரே பாகமாக வாங்குங்கள். சுவிட்ச் இரண்டு கம்பியையும் துண்டிக்கும் ரகமாக இருக்கட்டும். உள் ஃபியூஸ் மெதுவாக உருகும் 1 அல்லது 1.6 ஆம்பியர், வேக ரகம் போட்டால் டொராய்டல் இழுக்கும் முதல் வீச்சிலேயே போய்விடும். சுவரில் செருகும் மூன்று முள் பிளக்கில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும், அதைக் கழற்றி 3 ஆம்பியர் போடுங்கள். உள் ஒயர் 0.75 சதுர மில்லிமீட்டர்: பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். முனைகளுக்குக் கிரிம்ப் செய்த மூடிய ஸ்பேடு, அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க். வெறும் செம்பு கண்ணில் படவே கூடாது.

எர்த் ஒயர் சாக்கெட்டிலிருந்து மிகக் குறுகிய வழியில் பெட்டிக்கு வந்து, அதற்கென்றே ஒரு போல்ட்டில், பல் வாஷரோடு முடிய வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டையோ போர்டு திருகையோ இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அனோடைஸ் செய்த அலுமினியம் மின்சாரம் கடத்தாது. போல்ட் உட்காரும் இடத்தையும், பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களையும் சுரண்ட வேண்டும். பிறகு பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து முன்பலகை, மேல்மூடி, ஹீட் சிங்க் ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் அளந்து பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே வராத உலோகத்துக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள். அழகான கறுப்புப் பெட்டியில் மேல்மூடி மட்டும் எர்த் ஆகாமல் மிதந்துகொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.

வீவக வீடுகளில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கும். லைவிலிருந்து எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் அது துண்டிக்கும். லைவையும் நியூட்ரலையும் ஒரே சமயத்தில் தொட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் அதற்கு ஒரு பல்பு மாதிரிதான். அதை நம்பித் திறந்த பெட்டியில் கை விடாதீர்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் 0-115, 0-115 என இரண்டு சுற்று இருந்தால் இங்கே தொடராக இணைக்க வேண்டும்: முதல் 115-ஐ இரண்டாவது 0-வோடு சேர்த்து, மீதி இரண்டு முனைகளுக்கு 230 வோல்ட். இணையாக இணைத்தால் இரட்டை வோல்டேஜ் ஏறி டிரான்ஸ்ஃபார்மர் இரும்பின் காந்தம் நிறைவடையும். திசை மாற்றித் தொடராக்கினால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டிலும் ஃபியூஸ் உடனே போகும். செகண்டரியிலும் அப்படியே: முதல் சுற்றின் 18-ஐ இரண்டாவதன் 0-வோடு சேர்த்தால் அது நடுமுனை. வெளி முனைகளுக்கு இடையே 36-க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டினால் ஒன்றைத் திருப்புங்கள்.

டொராய்டலின் நடு போல்ட் அடிப்பலகையில் மட்டும் தொட வேண்டும். பெட்டி உயரம் குறைவாகி போல்ட்டின் தலை மேல்மூடியைத் தொட்டால் பெட்டியே ஒரு சுற்றுக் கம்பியாகி ஷார்ட் ஆகிவிடும்.

முதல் பவர்

லைவ் ஒயரில் தொடராக ஒரு இழை பல்பு வையுங்கள். எல்இடி இதற்கு உதவாது. பழைய பல்பு இப்போது கிடைப்பது அரிது என்பதால் ஓவன் அடுப்புக்கான 40 வாட் பல்பு வாங்கிக்கொள்ளலாம். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும், பிறகு ரெக்டிஃபையரும் கப்பாசிட்டரும், கடைசியில் ஒவ்வொரு ஆம்ப் போர்டாக. ஒவ்வொரு கட்டத்திலும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். பல்பு எரிவதால் வேறெதுவும் எரியாது.

ஆம்ப் போர்டு இணைத்ததும், ஸ்பீக்கர் இல்லாமல், உள்ளீட்டை ஷார்ட் செய்து, வெளியீட்டில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் போகலாம். 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். ரெயில் வோல்டேஜே வெளியில் வந்தால் சிப் போயிருக்கும் அல்லது ஃபீட்பேக் ரெசிஸ்டர் பற்றவைப்பு விட்டிருக்கும். முதல் பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போடாமல், போனால் போகட்டும் என்ற ஒன்றில் போட்டுப் பாருங்கள்.

அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருந்தால் ஒன்றரை நிமிடத்தில் வடிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரம் வேண்டாம், கப்பாசிட்டரின் கால்கள் கருகும்.

எல்லாம் சரி, டிசியும் பூஜ்ஜியம், ஆனால் சத்தமே இல்லை என்றால் 8-ஆம் காலைப் பாருங்கள். அந்தக் காலிலிருந்து மைனஸ் ரெயிலுக்குக் குறைந்தது அரை மில்லிஆம்பியர் ஓடினால்தான் சிப் வாயைத் திறக்கும். 25 வோல்ட்டில் அதற்கு 44 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும், 22 போட்டால் நிம்மதி. ±35-க்கு வடிவமைத்த கிட்டில் பெரிய மதிப்பு வந்திருந்து, நீங்கள் குறைந்த வோல்டேஜில் ஓட்டினால் இது நடக்கும்.

இரைச்சல்

கனத்த ‘உம்ம்’ 50 ஹெர்ட்ஸ். கரகரப்பான ‘ஜ்ஜ்’ 100 ஹெர்ட்ஸ். முதலாவது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ எர்த் வளையமோ (இரண்டு கருவிகளின் எர்த், ஒலிக் கேபிள் வழியாகவும் சேர்ந்து வளையமாவது). இரண்டாவது, கப்பாசிட்டர்களுக்குப் பாயும் சார்ஜ் துடிப்புகள் சிக்னல் கிரவுண்டில் கலப்பது.

அந்த 100 ஹெர்ட்ஸுக்குக் காரணம் கிரவுண்டு ஒயர் கிளம்பும் இடம். டிரான்ஸ்ஃபார்மர் நடுமுனை முதலில் இரண்டு கப்பாசிட்டர்களின் சந்திப்புக்கு வரட்டும். அங்கிருந்து ஒரு சிறிய தடித்த இணைப்பு தள்ளி, ‘ஸ்டார்’ புள்ளி. ஒவ்வொரு போர்டின் பவர் கிரவுண்டு, சிக்னல் கிரவுண்டு, ஸ்பீக்கர் மைனஸ் எல்லாம் அந்த ஸ்டாருக்குத் தனித்தனி ஒயரில் வர வேண்டும். நடுமுனையிலிருந்தே நேராகப் போர்டுக்கு எடுத்தால் ஆம்பியர் கணக்கில் பாயும் துடிப்பு அந்த ஒயரில் மில்லிவோல்ட்டை விடும், சிப் அதை 21 மடங்காக்கும். ஸ்பீக்கர் மைனஸைப் போர்டின் சிக்னல் கிரவுண்டில் கட்டினாலும் இதே கதிதான்.

ஸ்டாரைப் பெட்டி எர்த்தோடு 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். அதோடு இணையாக, ஏசி முனைகள் இரண்டையும் ஒரு பக்கமாகவும் பிளஸ் மைனஸ் இரண்டையும் சேர்த்து மறுபக்கமாகவும் கட்டிய 35 ஆம்பியர் பிரிட்ஜ் ஒன்றும், 0.1 மைக்ரோஃபாரட்டும். சாதாரண நேரத்தில் 10 ஓம் வளைய மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும். உள்ளே லைவ் கழன்று கிரவுண்டில் விழுந்தால் பிரிட்ஜ் அந்த மின்னோட்டத்தைச் சுமந்து ஃபியூஸைப் போக்கும். இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த்தைக் கழற்றுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், எந்தச் சமாதானத்துக்காகவும். பெட்டி லைவானால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

ஆர்சிஏ சாக்கெட் இரண்டும் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் வாஷரால் விலகியிருக்கட்டும். இடது வலது உள்ளீட்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி, டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர்மூலை வழியாகக் கொண்டுபோங்கள். டொராய்டல் போல்ட்டை முதலில் லேசாகவே முடுக்கி, ஆம்ப் ஓடும்போது, காப்பிட்ட உடலை மட்டும் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தால் ‘உம்ம்’ மிகக் குறையும் ஒரு கோணம் கிடைக்கும். அணைத்துவிட்டு அங்கே முடுக்குங்கள்.

அப்படியும் இரைச்சல் இருந்தால் தேடும் வரிசை இது. உள்ளீட்டை ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக்கைச் செருகுங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப் சுத்தம், வெளியே பாருங்கள். நிற்கவில்லை என்றால் வால்யூமைத் திருப்புங்கள்: கூடிக் குறைந்தால் வால்யூம் குமிழுக்கு முன்பகுதி ஒயரிங், மாறாவிட்டால் ஸ்டார் புள்ளியும் பவர் பகுதியும். வெளியே என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மூன்று முள் சார்ஜர் மாட்டிய லேப்டாப். சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் போனால் எர்த் வளையம். ஆர்சிஏ கேபிளில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் செருகினால் தீரும். டிவியிலிருந்து ஒலி எடுப்பதாக இருந்தால் ஆப்டிகல் கேபிளில் ஒரு டிஏசி வழியாக எடுங்கள். ஒளி மட்டும் போகும் இழையில் எர்த் ஓடாது.